அளக்காத புகைக்குக் கணக்கு எழுதுவது எப்படி?

கேள்வி இது: "பிரிட்டன் 1970லிருந்து கந்தக டை ஆக்சைடு உமிழ்வை 98 சதவீதம் குறைத்துவிட்டதாகப் படித்தேன். 1970ல் இதை யார் அளந்தார்கள்? ஒரு நாடு முழுக்க வெளியேறும் புகையை அளக்க முடியுமா? இன்னொன்று, 2019ஆம் ஆண்டின் நுண்துகள் (PM2.5) உமிழ்வுக்குப் பிரிட்டன் அரசின் 2021 வெளியீட்டில் ஓர் எண், 2022 வெளியீட்டில் வேறோர் எண். முடிந்துபோன ஆண்டின் எண் எப்படி மாறும்? இதில் எதை நம்புவது?"

விஷயமே அந்தக் கடைசிக் கேள்வியில்தான் இருக்கிறது. அதற்குமுன் முதல் கேள்வியை முடித்துவிடலாம். 1970ல் யாரும் அளக்கவில்லை. இன்றைக்கும் பெரும்பகுதியை யாரும் அளப்பதில்லை. கணக்குப் போடுகிறார்கள்.

நம் செய்தித்தாள்களில் தினமும் வரும் காற்றுத் தரக் குறியீட்டையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. குறியீடு, காற்றில் இப்போது எவ்வளவு மாசு நிற்கிறது என்று கருவி வைத்துப் பார்ப்பது. உமிழ்வு, புகைபோக்கியிலிருந்தும் வண்டியிலிருந்தும் மாட்டுத் தொழுவத்திலிருந்தும் ஓர் ஆண்டில் எவ்வளவு வெளியேறியது என்பது. தொட்டியில் நிற்கும் தண்ணீரும் குழாயில் விழுந்த தண்ணீரும் போல. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடிய புகைமூட்டம் ஆயிரக்கணக்கான பேரைக் கொன்றது. அந்த ஐந்து நாளில் லண்டன்காரர்கள் ஏதோ புதிதாக எரித்துவிடவில்லை. குளிருக்கு வழக்கம்போல நிலக்கரிதான் எரித்தார்கள். காற்று அசையாமல், மேலே சூடான அடுக்கு ஒன்று மூடிபோல உட்கார்ந்துகொண்டதால் புகை போக இடமில்லாமல் தங்கிவிட்டது. குழாய் பழைய குழாய்தான், அன்று வடிகால் அடைத்துக்கொண்டது.

சரி, கணக்கு எப்படி? அடிப்படையில் ஒரே ஒரு பெருக்கல். எவ்வளவு எரித்தோம், ஒரு டன் எரித்தால் எவ்வளவு மாசு வரும், இரண்டையும் பெருக்கு. இரண்டாவது எண்ணை உமிழ்வுக் காரணி என்பார்கள்.

கந்தகத்தை எடுத்துக்கொண்டால் இது பள்ளிக்கூட வேதியியல். ஒரு டன் நிலக்கரியில் ஒன்றரை சதவீதம் கந்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 15 கிலோ. கந்தக அணுவின் எடை 32, அதோடு சேரும் இரண்டு ஆக்சிஜனின் எடையும் 32. ஆக 15 கிலோ கந்தகம் 30 கிலோ கந்தக டை ஆக்சைடு ஆகும். கொஞ்சம் சாம்பலோடு தங்கிவிடும், 28 கிலோ என்று கொள்ளலாம். 1970ல் பிரிட்டன் எரித்த நிலக்கரி 15 கோடி டன்னுக்கு மேல். பெருக்கிப் பாருங்கள், 40 லட்சம் டன்னைத் தாண்டும். அப்போது எரித்த கனரக எண்ணெயிலும் கந்தகம் அதிகம், அதையும் சேர்த்தால் 60 லட்சம் டன்னுக்கு மேல் வரும். அந்த ஆண்டுக்கு இப்போது சொல்லப்படும் எண்ணும் அந்த அளவில்தான் இருக்கிறது. ஓர் உறையின் பின்பக்கத்தில் நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

1970க்கு யாரும் கருவியைத் தூக்கிக்கொண்டு பின்னோக்கிப் போகத் தேவையில்லை என்பது இதனால்தான். நிலக்கரி காசு கொடுத்து வாங்கிய பொருள். சுரங்கங்கள் 1947லிருந்து அரசு வாரியத்தின் கையில் இருந்தன. எந்த மின்நிலையத்துக்கு எத்தனை டன் போனது என்பதற்கு ரசீது இருக்கிறது. அடுப்பில் போன கந்தகம், சாம்பலில் தங்கும் கொஞ்சத்தைத் தவிர, எங்கும் ஒளிய முடியாது, புகைபோக்கி வழியாக வந்துதான் ஆகவேண்டும். பெட்ரோலில் கலந்த ஈயமும் இப்படித்தான். எவ்வளவு கலந்தார்கள் என்று தெரியும், அதில் பெரும்பகுதி வெளியே வந்தது. 2000 ஜனவரியோடு ஈயப் பெட்ரோலின் பொது விற்பனை பிரிட்டனில் நின்றபோது ஈயக் கணக்கும் அடிமட்டத்துக்கு இறங்கியது.

நைட்ரஜன் ஆக்சைடுகளிடம் இந்த வசதி கிடையாது. அதன் நைட்ரஜன் பெரும்பாலும் எரிபொருளில் இருப்பதில்லை, காற்றிலேயே இருப்பது. சுடர் எவ்வளவு சூடு, இஞ்சின் எவ்வளவு பாரம் இழுக்கிறது, வண்டி மேட்டில் ஏறுகிறதா, நெரிசலில் நிற்கிறதா என்பதைப் பொறுத்து மாறும். நுண்துகள் இன்னும் மோசம். ஒரே விறகு காய்ந்திருந்தால் ஒரு கணக்கு, ஈரமாக இருந்தால் பல மடங்கு. விறகடுப்பு ஊதியவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. ஆக ஒரே அட்டவணையில் அடுத்தடுத்த பத்தியில் நிற்கும் எண்கள் ஒரே தரத்தவை அல்ல. கந்தக எண்ணை நான் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். நுண்துகள் எண்ணை எடுக்கும்போது அடிக்குறிப்பைப் படித்துவிட்டுத்தான் எடுப்பேன்.

இந்தப் பேரேட்டுக்குப் பிரிட்டனில் தேசிய வளிமண்டல உமிழ்வுப் பட்டியல் என்று பெயர். முக்கியமான சில மாசுகளுக்கு 1970 வரையும் அம்மோனியாவுக்கு 1980 வரையும் பின்னோக்கிப் போகிறது. பெரிய மின்நிலையங்கள் போன்ற இடங்களின் புகைபோக்கியில் கருவி இருப்பதால் அங்கே மட்டும் உண்மையான அளவீடு கிடைக்கும். மற்றதெல்லாம் எரிபொருள் விற்பனை, வண்டி ஓடிய கிலோமீட்டர், மாடு, கோழி, உரம், பெயின்ட் என்று எண்ணிக்கை எடுத்துப் பெருக்குவது. உள்ளே போனால் நுணுக்கம் ஆச்சரியப்படுத்தும். ஸ்காட்லாந்தில் விஸ்கி பீப்பாயில் ஊறும்போது ஆண்டுக்குச் சுமார் இரண்டு சதவீதம் ஆவியாகிப் போகும். அங்கே அதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள். பேரேட்டில் அது ஆவியாகும் கரிமச் சேர்மங்களில் ஒரு வரி, சில்லறை வரியும் இல்லை. அம்மோனியாப் பக்கத்தில் வளர்ப்பு நாய்களுக்கும் குதிரைகளுக்கும் கோல்ஃப் மைதானங்களுக்கும் இடம் உண்டு, கைக்குழந்தைகளின் டயப்பருக்கும் உண்டு. முதல்முறை அந்த வரியைப் பார்த்தபோது யாரோ விளையாட்டுக்குச் சேர்த்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் எழுதுகிறார்கள் என்றால், அதன் பின்னால் ஒரு பக்கத்து வீட்டுச் சண்டை இருக்கிறது. 1960களிலும் 70களிலும் ஸ்வீடன், நார்வே ஏரிகளில் மீன்கள் செத்தன. தண்ணீர் அமிலமாகியிருந்தது. உங்கள் புகைதான் எங்கள் மழையில் இறங்குகிறது என்று அவர்கள் பிரிட்டனையும் ஐரோப்பாவின் பிற நாடுகளையும் கைகாட்டினார்கள். பிரிட்டன் தன் ஊர்களின் காற்றைச் சுத்தமாக்கப் புகைபோக்கிகளை உயரமாகக் கட்டியிருந்தது. உள்ளூர்க் கருவியில் அளவு இறங்கியது. உமிழ்வு அப்படியே இருந்தது, வேறு ஊரில் போய் இறங்கியது. இந்த மாதிரி வழக்கில் தொட்டியை அளந்து பயனில்லை, யார் குழாயிலிருந்து எவ்வளவு என்ற கணக்கு வேண்டும். 1979ல் ஜெனீவாவில் எல்லை தாண்டும் காற்று மாசு பற்றிய உடன்படிக்கை வந்தது. உறுப்பு நாடுகள் ஒரே வாய்பாட்டில் கணக்கு எழுதி ஆண்டுதோறும் ஒப்படைக்கும் பழக்கம் அதிலிருந்து வளர்ந்ததுதான். இப்போது கெடு பிப்ரவரி 15. கணக்கு இரண்டு ஆண்டு பின்தங்கி வரும், 2020க்கான எண் 2022 பிப்ரவரியில்தான் கையில் கிடைத்தது.

கந்தகத்தை 30 சதவீதம் குறைப்பதாக 1985ல் ஹெல்சிங்கியில் பல நாடுகள் கையெழுத்திட்டபோது பிரிட்டன் போடவில்லை. 1994ல் ஆஸ்லோவில் அடுத்த ஒப்பந்தம் வந்தபோது போட்டது. இடையில் நடந்ததைப் பேரேட்டைத் துறைவாரியாகப் பிரித்தால் பார்க்கலாம். டிராக்ஸ் போன்ற பெரிய நிலக்கரி நிலையத்தில் சுண்ணாம்புக்கல்லை வைத்துக் கந்தகத்தைப் பிடித்து ஜிப்சமாக மாற்றும் அமைப்பைப் பொருத்தினார்கள். அது ஒரு பகுதி. இன்னொரு பகுதி, மின்துறை தனியார்மயமான பிறகு 1990களில் எரிவாயு மலிவாக வந்து நிலக்கரியைத் தள்ளியது. கடைசி நிலக்கரி மின்நிலையமான ராட்கிளிஃப் 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. 60 லட்சம் டன் சுமார் ஒரு லட்சம் டன்னாகச் சுருங்கிய கதை இது. 98 சதவீதத்தையும் சுற்றுச்சூழல் சட்டத்தின் சாதனை என்று எழுதுகிறவர்கள் பாதிக் கதையை விட்டுவிடுகிறார்கள். சுரங்கம் மூடியதும் தொழிற்சாலைகள் வேறு நாட்டுக்குப் போனதும் அதே எண்ணுக்குள் இருக்கின்றன. பிரிட்டனில் விற்கும் பொருள் ஆசியாவில் தயாரானால் அதன் புகை ஆசியக் கணக்கு.

இனி உங்கள் கடைசிக் கேள்வி.

2021 பிப்ரவரி வெளியீட்டில், பிரிட்டனின் நுண்துகள் உமிழ்வில் 38 சதவீதம் வீடுகளில் விறகு எரிப்பதால் வருவது என்று இருந்தது. செய்திகளில் பெரிதாக அடிபட்டது. அடுத்த ஆண்டு வெளியீட்டில் அதே விஷயம் 17 சதவீதம். ஒரே ஆண்டில் பாதிப் பேர் அடுப்பை அணைத்துவிட்டார்களா? இல்லை. எரிந்த விறகு எவ்வளவு என்ற அனுமானம்தான் மாறியது. நிலக்கரிக்கு ரசீது உண்டு என்று சொன்னேன் அல்லவா, விறகுக்குக் கிடையாது. தோட்டத்தில் வெட்டியது, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது, பழைய பலகை என்று எதையெதையோ எரிக்கிறார்கள். வீடு வீடாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். முன்பு ஒரு கணக்கெடுப்பின்படி எழுதினார்கள். பிறகு விரிவான புதிய கணக்கெடுப்பு ஒன்று வந்தது, முன்பு நினைத்ததைவிட மக்கள் மிகக் குறைவாகவே எரிக்கிறார்கள் என்று தெரிந்தது. எண்ணைத் திருத்தினார்கள்.

முக்கியமான வேலை இதற்கப்புறம்தான். புதிய எண்ணைக் கடைசி ஆண்டுக்கு மட்டும் போட்டுவிட்டுப் பழைய ஆண்டுகளை அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வரைபடத்தில் அந்த ஆண்டு ஒரு பெரிய சரிவு தெரியும். நடக்காத சரிவு. அமைச்சர் ஒருவர் அதைத் தன் சாதனை என்று சொல்லியிருக்கலாம், யாரும் பொய் என்று நிரூபித்திருக்க முடியாது. அதனால் விதி என்னவென்றால், முறை மாறினால் தொடர் முழுவதையும் தொடக்க ஆண்டிலிருந்து புதிய முறையில் திரும்ப எழுத வேண்டும். ஆண்டுதோறும் வெளிவருவது கடைசி ஆண்டுக்கான ஒரு புதிய வரி மட்டும் இல்லை, முழுப் பேரேட்டின் புதிய பிரதி. 2019ஆம் ஆண்டின் எண் மாறியது இப்படித்தான். நடந்தது மாறவில்லை, நடந்ததைப் பற்றி நமக்குத் தெரிந்தது மாறியிருக்கிறது. பழைய எண்ணைக் கடைசிவரை மாற்றாமல் வைத்திருக்கும் கணக்கைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

இந்தத் திருத்தம் வந்ததும் விறகு அடுப்பை ஆதரிப்பவர்கள், இதுவரை சொன்னதெல்லாம் பொய் என்று கொண்டாடினார்கள். திருத்திய கணக்கிலும் வீட்டு விறகின் பங்கு சாலை வாகனங்களின் பங்கைவிடக் குறைந்துவிடவில்லை என்பதை யாரும் பெரிதாகச் சொல்லவில்லை.

டீசல் கார் விஷயத்தில் திருத்தம் எதிர்ப்பக்கம் போனது. ஐரோப்பிய விதிப்படி டீசல் கார் கிலோமீட்டருக்கு வெளியிடலாம் என்ற நைட்ரஜன் ஆக்சைடு அளவு யூரோ 3ல் 0.5 கிராம், யூரோ 4ல் 0.25, யூரோ 5ல் 0.18, யூரோ 6ல் 0.08. காகிதத்தில் அழகாக இறங்குகிறது. உமிழ்வுக் காரணிகளும் ஏறக்குறைய அந்தப் படிக்கட்டை நம்பின. ஆனால் நகரச் சாலையோரக் கருவிகளில் நைட்ரஜன் டை ஆக்சைடு அந்த வேகத்தில் இறங்கவில்லை. குழாயை மூடிவிட்டோம் என்று கணக்கு சொல்கிறது, தொட்டி வற்றவில்லை. சாலையோரத்தில் ஒளிக்கற்றை பாய்ச்சிக் கடந்துபோகும் வண்டிகளின் புகையை ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது, யூரோ 3லிருந்து யூரோ 5 வரை டீசல் கார்கள் நிஜச் சாலையில் ஏறக்குறைய அப்படியே இருந்தன என்று தெரிந்தது. சோதனைக் கூடத்தில் மட்டும் நல்ல பிள்ளை. சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளைக் காரில் வைத்த வோக்ஸ்வாகன் மோசடி 2015 செப்டம்பரில் அமெரிக்காவில் வெடித்தபோது உலகம் அதிர்ந்தது, பேரேடு எழுதுகிறவர்களுக்கு அதற்குச் சில ஆண்டுகள் முன்பே கணக்கு உதைப்பது தெரிந்திருந்தது. காரணிகளைத் திருத்தினார்கள், பழைய ஆண்டுகளின் எண்கள் மேலே போயின.

இதனால் ஒரு வேடிக்கையான சட்டச் சிக்கல் வந்தது. எந்த ஆண்டில் எவ்வளவுக்கு மேல் உமிழக் கூடாது என்று நாடுகளுக்கு இலக்கு வைத்தபோது ஒரு கணக்கு, பரீட்சை நாளன்று வேறு கணக்கு. நாடு சொன்னதையெல்லாம் செய்திருந்தாலும் காரணி மாறியதால் தோற்றுப்போகும். ஜெர்மனி, பிரான்ஸ் உட்படச் சில நாடுகள் இப்படி மாட்டின. அதற்காகவே உடன்படிக்கையில் சரிக்கட்டும் வழி ஒன்றைச் சேர்த்தார்கள். காரணி மாறியதுதான் தோல்விக்குக் காரணம் என்று ஆதாரத்தோடு காட்டினால், தேர்ச்சியைப் பார்க்க மட்டும் அந்தப் பகுதியைக் கழித்துக்கொள்ளலாம். அதே உடன்படிக்கையின் கீழ் வந்த கோதன்பர்க் நெறிமுறையை 2012ல் திருத்தியபோது, டன் கணக்கில் உச்சவரம்பு வைப்பதை விட்டுவிட்டு, 2005ஐ அடிப்படையாக வைத்துச் சதவீதத்துக்கு மாறினார்கள். பிரிட்டன் 2020க்குள் குறைக்க வேண்டியது கந்தக டை ஆக்சைடு 59 சதவீதம், நைட்ரஜன் ஆக்சைடு 55, நுண்துகள் 30, அம்மோனியா 8. முறை மாறினால் தொடக்கமும் முடிவும் சேர்ந்து மாறும், சதவீதம் அவ்வளவாக ஆடாது. கெட்டிக்கார யோசனை. ஆனால் 2005க்குப் பிறகு வந்த புது வண்டிகளின் காரணி மட்டும் மாறினால் ஆடத்தான் செய்யும்.

அம்மோனியாவுக்கு ஏன் வெறும் 8 என்று கேட்பீர்கள். 87 சதவீதம் அளவுக்கு அது விவசாயத்திலிருந்து வருகிறது. சாணக் குழம்பு, யூரியா, கோழிப் பண்ணை. அதை மூடி ராட்கிளிஃப் போலப் பூட்டுப் போட முடியாது. சாணத்தை வீசித் தெளிக்காமல் குழாய் வைத்து மண்ணோடு ஒட்டி விடுவது, சேமிப்புக் குட்டைக்கு மூடி போடுவது என்று வேலை ஒவ்வொரு பண்ணையாக நடக்க வேண்டும். எல்லாக் கோடுகளும் பள்ளத்தில் இறங்கும் படத்தில் இது ஒன்று மட்டும் தரைக்கு இணையாக, சோம்பலாகப் போகும். இத்தனைக்கும் வசந்த காலத்தில் வயலுக்குச் சாணம் விடும்போது எழும் அம்மோனியாதான், வண்டிப் புகையின் நைட்ரிக் அமிலத்தோடு சேர்ந்து மேற்கு ஐரோப்பிய நகரங்களில் நுண்துகளாக மாறுகிறது. அந்த நுண்துகள் பேரேட்டின் நுண்துகள் பத்தியில் வராது. நேராகத் துகளாக வெளியேறுவது மட்டுமே அங்கே ஏறும்.

எல்லை பற்றியும் ஒன்றிரண்டு. விமானம் 3000 அடிக்குக் கீழே இறங்கி ஏறும்போது விடும் புகை நாட்டுக் கணக்கில் சேரும். அதற்கு மேலே பறப்பதும் சர்வதேசக் கப்பல்களும் தனிக்குறிப்பாக எழுதப்படும், மொத்தத்தில் சேராது. சாலை வண்டிக்குப் பொதுவாக எரிபொருளை விற்ற நாடே பொறுப்பு. அதனால் டீசல் மலிவாக விற்ற லக்சம்பர்க்கில் வழிப்போக்கு லாரிகள் தொட்டியை நிரப்பிக்கொண்டு போக, அந்தக் குட்டி நாட்டில் தலைக்கு எவ்வளவு உமிழ்வு என்ற கணக்கு பயமுறுத்துகிற உயரத்தில் நிற்கும்.

கணக்கு எழுதுகிறவரையே யார் சரிபார்ப்பது என்றால், இப்போது மேலேயிருந்து ஒரு கண் இருக்கிறது. 2004ல் ஏவிய ஆரா செயற்கைக்கோளில் உள்ள கருவியும், 2017 அக்டோபரில் போன சென்டினல் 5பி செயற்கைக்கோளும் கந்தக டை ஆக்சைடையும் நைட்ரஜன் டை ஆக்சைடையும் வானிலிருந்து பார்க்கின்றன. எந்தப் பட்டியலிலும் இல்லாத ஏறத்தாழ 40 பெரிய கந்தக உமிழ்வு இடங்கள் உலகில் இருப்பதை 2016ல் ஓர் ஆய்வு இப்படித்தான் கண்டுபிடித்தது. துறைவாரியாகப் பிரித்துச் சொல்ல மட்டும் அதற்கு வராது. ஒரே ஊரில் எது லாரி, எது கொதிகலன் என்று வானத்துக்குத் தெரியாது.

இந்தியாவில் இது உண்டா என்று அடுத்துக் கேட்பீர்கள். இந்தியா அந்த 1979 உடன்படிக்கையில் இல்லை. பசுமைக்குடில் வாயுக்களுக்கு ஐநாவுக்கு அறிக்கை போகிறது. கந்தக டை ஆக்சைடுக்கும் நுண்துகளுக்கும் தொடர் முழுவதையும் ஆண்டுதோறும் திருத்தி வெளியிடும் அரசுப் பேரேடு இல்லை, ஆராய்ச்சிக் குழுக்கள் தனித்தனியாகப் போட்ட கணக்குகள்தான் உண்டு. மின்நிலைய நிலக்கரிக்கு நம்மிடமும் ரசீது இருப்பதால் கந்தகத்தில் அவை ஓரளவு ஒத்துப்போகும். விறகு, வறட்டி, வைக்கோல், தெருவில் கொளுத்தும் குப்பை என்று வரும்போது ஆளுக்கொரு எண். பிரிட்டனுக்கே விறகில் 38, 17 ஆனது.

உங்கள் இரண்டு எண்களுக்கு வருகிறேன். புதிய வெளியீட்டில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்த ஒரு எண்ணை மட்டும் எடுக்காதீர்கள். தொடர் முழுவதையும் அதே வெளியீட்டிலிருந்து எடுங்கள். 2018 வரை பழைய கோப்பு, 2019லிருந்து புதிய கோப்பு என்று ஒட்டினால், ஒட்டிய இடத்தில் ஒரு படி விழும், அதற்கு நீங்கள் காரணம் தேடிக்கொண்டிருப்பீர்கள். நான் ஒருமுறை இரண்டு நாள் தேடியிருக்கிறேன். அப்போதிருந்து ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில், எந்த ஆண்டைப் பற்றியது என்பதோடு எந்த ஆண்டு வெளியானது என்பதையும் எழுதிவைக்கிறேன்.